சின்னவளையும் சேர்த்து

1

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பூங்கா இருக்கிறது. நியூ ஜெர்சியில், எடிசனுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் சிற்றூர் இது. போன வருடம் அந்தப் பூங்காவுக்கு வேலி போட்டு, குளிர்காலம் முழுக்க நோண்டிவிட்டு, இந்த வசந்தத்தில் திறந்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டி, ஆளுக்கொரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். நானும் குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். முதியவர்கள் சாய்ந்துகொள்ள வாகான பெஞ்சுகள், முழங்கால் நோகாமல் நடக்க ரப்பர் பாதை, டென்னிஸ் மாதிரியான பிக்கிள்பால் ஆட வரிசையாக ஆடுகளங்கள். எல்லாம் அழகுதான். சின்னக் குழந்தைகளை உட்காரவைக்கும் வாளி ஊஞ்சல் மட்டும் ஒன்றே ஒன்று.

சாயங்காலம் அந்த ஒற்றை ஊஞ்சலுக்கு முன்னால் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் எங்கள் சங்கரன்கோவில் ஆடித்தபசில் ராட்டினத்துக்கு நிற்கும் கூட்டம் நினைவுக்கு வரும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று அம்மாக்கள் நிற்கிறார்கள். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, ஸ்பானிஷ் என்று நாலைந்து மொழிகளில் சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கிறது. பிக்கிள்பால் களத்திலோ நான்கு பேர்.

எனக்கு இது பொறுக்கவில்லை. கோபத்தினால் அல்ல, குறுகுறுப்பினால். நான் சாப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறவன். கண்ணெதிரே இவ்வளவு குழந்தைகள் இருக்க, திட்டம் போட்டவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? நகராட்சிக் கூட்டத்துக்குப் போய், மைக் முன்னால் நின்று கேட்டேவிட்டேன். என் மனைவி கோமதி வீட்டிலிருந்தபடியே அதை நேரலையில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாளாம்.

திட்டப் பிரிவு அம்மாள் பொறுமைசாலி. கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "எங்களிடம் உள்ள மக்கள்தொகைக் கணக்கின்படி உங்கள் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மிகவும் குறைவு" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் வந்து பாருங்கள் என்றேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கணக்கெடுப்பிலும் அதிகமாக விட்டுப்போவது சின்னக் குழந்தைகள்தானாம். வீடில்லாமல் திரிகிறவர்களோ கதவைத் திறக்காத கிழவர்களோ என்றால் நம்புவேன். வீட்டில் எல்லோரையும்விட அதிகச் சத்தம் போடுகிற ஆளை எப்படி ஐயா மறப்பார்கள்?

2

கேள்வி கிடைத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். போன பெரிய கணக்கெடுப்பு கொரோனா தொடங்கிய வசந்தத்தில் நடந்தது, நினைவிருக்கும். அப்போது உங்கள் வீட்டுக் குழந்தையை எழுதினீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வழக்கமாகக் கிரீன் கார்டு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கிறவன் திடீரென்று இதைக் கேட்டதும் பலர் பயந்துபோனார்கள்.

சான்டா கிளாராவில் இருக்கும் என் கல்லூரித் தோழன் முருகேசன் அப்போது வாடகை தாங்காமல் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தான். "படிவத்தை நீதானே fill பண்ணுன?" என்றேன். "நான் எங்க பண்ணேன், கூட இருந்த ஸ்ரீதர்தான் பண்ணான். பெரியவங்க நாலு பேரையும் போட்டுட்டேன்னு சொன்னான்." குழந்தைகள்? "ஸ்ரீதர் போட்டிருப்பான்" என்றான். ஸ்ரீதரைக் கூப்பிட்டேன். "புள்ளைங்க detail எல்லாம் முருகேசன் தர்றேன்னான்" என்றார். ஆக, இரண்டு வீட்டுக் குழந்தைகளும் இரண்டு அப்பன்மாருக்கு நடுவில் விழுந்துவிட்டன.

டெக்சாஸில் காப்பெலில் இருக்கும் கோமதியின் தங்கை இன்னும் தெளிவாக இருந்தாள். "அத்தான், பாப்பா பிறந்து அப்பதான் வீட்டுக்கு வந்திருந்தோம். சோஷியல் செக்யூரிட்டி நம்பரே வரல. நம்பர் இல்லாத ஆள எப்படி எழுதறது?" பிறந்த குழந்தைக்கு எந்த எண்ணும் வேண்டாம், இருந்தால் போதும் என்று நான் சொன்னபோது, "இத யார் சொன்னா அப்ப?" என்றாள். நியாயமான கேள்வி.

எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர், ஒப்பந்தத்தில் சொன்னதைவிட ஆள் கூட இருப்பது வாடகை அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று குழந்தையை எழுதாமல் விட்டாராம். இந்தப் பதில்கள் அங்கே போகாது, சட்டமே தடுக்கிறது. அவருக்கு அது தெரியாது. இன்னொருவர், ஓட்டுப் போடாத பிள்ளையை எழுதி என்ன பிரயோசனம் என்று கேட்டார்.

கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் அப்போது விட்டது விட்டதுதான். பள்ளிக்கூடத்தில் எத்தனை இடம், மருத்துவ உதவிக்கு எவ்வளவு பணம், நூலகத்தில் குழந்தைகள் பகுதி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் அந்த எண்ணைத் தொட்டுத்தான் நடக்கும். பத்து வருடம் என்பது எனக்கெல்லாம் தலை நரைக்கிற காலம். கைக்குழந்தைக்கோ அதுதான் குழந்தைப் பருவம் முழுதும்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் சமையலறை மேசையில்தான் நடந்தது. எங்கள் மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற ஜாதி. காதிலிருந்து ஒரு பக்க ஒலிப்பானைக் கழற்றிவிட்டு, "அப்பா, டிட் யூ கவுண்ட் மீ?" என்றாள்.

"முதல்ல உன்னைத்தான் எழுதுனேன். அப்புறந்தான் நானும் அம்மாவும்."

"ஓகே" என்று மறுபடியும் மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

3

ஊரில் கணக்கெடுப்பு என்றால் வாத்தியார் வருவார். தோளில் துணிப்பை, கையில் பெரிய பெரிய தாள்கள். எங்களுக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லித்தந்து அடித்த அதே வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்பாவிடம் மரியாதையாகக் கேள்வி கேட்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அம்மா காப்பி கொடுப்பாள். "பிள்ளைங்க எத்தனைம்மா?" என்று கேட்டால் மட்டும் அம்மா நேராகச் சொல்ல மாட்டாள். "இருக்குதுங்க சார், நீங்கதான் பாக்கீகளே" என்பாள். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் தலை எண்ணுகிற மனுஷர் என்பதால் வாத்தியாரே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி எழுதிக்கொள்வார். தெருவில் யார் வீட்டில் யார் பிறந்தது என்று அவருக்குத் தெரியும். அதனால் யாரும் தப்ப முடியாது.

இங்கே அப்படி ஊரறிந்த வாத்தியார் கிடையாது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் நீங்கள்.

4

இப்போது சுபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு எதிர்வீடு. ஈழத்தில் வன்னியில் பிறந்தவள். கணவர் ஜெயசீலன் தினமும் ரயில் பிடித்து மன்ஹாட்டனுக்குப் போகிற கணக்காளர். பெரிய பிள்ளைகள் இரண்டும் இரட்டையர், மூன்றாம் வகுப்பில் படிக்கிறார்கள். கடைக்குட்டி ஆரபிக்கு மூன்று வயது. பூங்காவில் ஊஞ்சலை விட்டு இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிற பிள்ளை யாரென்றால் பெரும்பாலும் அவள்தான்.

சுபா மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். ஆரபி பிறந்த பிறகு வாரக்கடைசியில் மட்டும் போகிறாள். டேகேருக்குக் கொடுக்கிற பணத்தில் அவள் சம்பளம் முழுதும் போய்விடும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த இலவச மழலை வகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் இடம் குறைவு, சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். ஆரபியின் பேர் காத்திருப்போர் வரிசையில் எங்கேயோ கிடக்கிறது. அந்த இடம் கிடைத்தால் சுபா முழுநேர வேலைக்குப் போகலாம். கடை முதலாளி கோடைக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வேலையை அவளுக்காக வைத்திருக்க முடியாதாம். பார்க்கும்போதெல்லாம் அவள் பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

மே மாதம் ஒரு மத்தியானம் சுபாவிடமிருந்து போன். "அண்ணா, வீட்டில நிக்கிறியளே? ஒருக்கா வாங்கோ. ஒரு ஆள் வந்து நிக்குது. அரசாங்க ஆளெண்டு சொல்லுது. உண்மையோ பொய்யோ தெரியேல்லை."

போனேன். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சின்னக் கணினியுமாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தோற்றத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெயர் ஃபிராங்க். பெரிய கணக்கெடுப்புக்கு இடைப்பட்ட வருடங்களில் சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கும் கணக்கெடுப்பாம். கடிதம் அனுப்பிப் பதில் வராததால் நேரில் வந்திருக்கிறார். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, அதிலிருந்த அலுவலகத்தை இணையத்தில் தேடி, அங்கே போன் பண்ணியும் கேட்டேன். சரியான ஆள்தான். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. வாரக்கணக்காக நான் விசாரித்துக்கொண்டிருந்த விஷயம் நடந்து எதிர்வீட்டுக்கு வந்து நிற்கிறது.

அவர் கேட்ட முதல் கேள்வியே இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்பதுதான்.

"நாலு பேர்" என்றாள் சுபா. "நானும் அவரும். ரெண்டு பிள்ளையள்."

இதை நல்ல இங்கிலீஷில், கண்ணிமைக்காமல், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வழக்கமாகத் திறந்தே கிடக்கும் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து கார்ட்டூன் சத்தம் மெல்லக் கேட்டது.

ஃபிராங்க் தட்டிக்கொண்டார். இரட்டையரின் வயதைக் கேட்கும்போது சுபா கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிள்ளைகளின் பஸ் வரும் நேரம், இன்னொரு நாள் வாருங்கள் என்றாள். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

5

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கோமதிக்குத் தெரியும். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தேன். ஆரபி எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். சுபாதான் பேச்சைத் தொடங்கினாள்.

"நான் பொய் சொல்ல வேணுமெண்டு நினைக்கேல்லை அண்ணா. கதவு தட்டின உடன இவளை உள்ளுக்கு விட்டுட்டன். அந்தாள் கேட்ட உடன வாய் தன்ர பாட்டில ரெண்டெண்டு சொல்லீற்றுது."

"ஏம்மா?"

"எங்கட வீட்டில எப்பவும் ஒண்டு குறைச்சுத்தான் சொல்லுறது."

அவள் வீட்டில் மூன்று அண்ணன்மார், கடைசியாக இவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலில் இருந்த காலம். யாராவது பேர் எழுதும் கொப்பியோடு வந்துகொண்டே இருப்பார்களாம். நிவாரணம் கொடுக்கப் பதிகிறவர்கள், ஊரைப் பார்க்கும் விதானையார், தடுப்பூசி போட வரும் தாதி. அதே கேள்வியோடு வேறு ஆட்களும் வருவார்கள், வீட்டில் எத்தனை பிள்ளை என்று எண்ணிவிட்டு, பிற்பாடு சண்டைக்கு ஒரு பிள்ளையைக் கேட்டு வருகிறவர்கள். எந்தக் கொப்பி யாரிடம் போகும் என்று அவள் அம்மாவுக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் ஒரே பதில். மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் பிள்ளை இல்லை. இன்றைக்கு எழுதாத பேரைப் பத்து வருடம் கழித்து யாரும் கேட்டு வர முடியாது என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். அப்போது சுபாவுக்கு ஆரபியின் வயது.

"ஆக்கள் வந்தா நான் பின்பக்கம் போய் விறகுக்குள்ள இருக்க வேணும். எனக்கு அது விளையாட்டு. சத்தம் போடாம இருந்தா அம்மா கொஞ்சுவா."

"அப்ப நிவாரணம்?"

"பதிஞ்ச பேருக்குத்தானே அண்ணா தருவினம். மா, பருப்பு, சீனி எல்லாம் அஞ்சு பேருக்கு. நாங்கள் ஆறு பேர். அண்ணாமார் பகிடி பண்ணுவினம், நீ கணக்கில இல்லாதவள், தள்ளி இரு எண்டு. நானும் சிரிப்பன். எனக்கு ஒருநாளும் பசிச்ச ஞாபகம் இல்லை. நான் திண்டது ஆரின்ர பங்கு எண்டு யோசிச்சதும் இல்லை. இவள் பிறந்து, இவளுக்குச் சாப்பாடு தீத்தேக்கதான் விளங்கினது. அது அம்மாவின்ர பங்கு."

சாலை வந்ததும் நான் எட்டி ஆரபியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா செய்தது சரிதான் அண்ணா. பெரியண்ணாவின்ர பேர் எழுதி இருந்தது. அதை வச்சுத்தான் கேட்டு வந்தவை. போனவர் திரும்பி வரேல்லை."

பஸ் வந்தது. இரட்டையர் இறங்கி, ஆளுக்கொரு பையை அம்மாவிடம் தந்துவிட்டு ஓடினார்கள்.

இத்தனை நாளும் குழந்தைகளை ஏன் விடுகிறார்கள் என்று துப்புத் துலக்கி, மறதி, சோம்பல், அறியாமை என்று நான் விடை சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி தன் பிள்ளையைக் காப்பாற்றக் கணக்கிலிருந்து விடுவாள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. என்னிடம் புத்திமதி எல்லாம் தயாராக இருந்தது: எழுதினால்தான் வகுப்பு, எழுதினால்தான் ஊஞ்சல். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் பயந்தது சும்மா பயம் இல்லை. அது ஒருகாலத்தில் அவள் உயிரைக் காத்த பயம்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே அண்ணா. இவளைச் சொன்னா வகுப்பில இடம் கிடைக்குமோ?" என்று அவளே கேட்டாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "உடனே கிடைக்காதும்மா. அந்தக் குலுக்கல் வேற, இது வேற. இங்க இத்தனை சின்னப் பிள்ளைங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் இன்னொரு வகுப்பு திறக்கணும்னு தோணும். அது ஆரபிக்குக் கிடைக்கலாம், அவளுக்குப் பின்னால வர்ற பிள்ளைக்குக் கிடைக்கலாம். ஆனா சொல்றதுனால அவளைத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க. அத மட்டும் நிச்சயமாச் சொல்லுவேன்."

"நிச்சயமாவோ?"

சட்டம் தெரியும், அதனால் நிச்சயம் என்று சொன்னேன். சட்டத்தை நம்பிப் பழகிய ஊரிலிருந்து வந்தவன் நான், அவள் அப்படி இல்லை என்பது சொல்லும்போதே உறைத்தது. அவள் தலையை ஆட்டினாள். என்ன முடிவு என்று எனக்குத் தெரியவில்லை.

6

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சுபா என்னை மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை உள்ளறைக் கதவு திறந்திருந்தது. ஆரபி கூடத்தின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துத் தரைக்கும் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஃபிராங்க் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சுபா அவரை நிறுத்தினாள். முதலில் சொன்னது தவறு, நாங்கள் ஐந்து பேர் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "நல்லது, சேர்த்துக்கொள்வோம்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதருக்கு என் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பேர், பிறந்த தேதி, எல்லாம் கேட்டார். சுபா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவள் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது. தன் பேரைக் கேட்டதும் ஆரபி, "ஐ ஆம் த்ரீ" என்று விரல்களைக் காட்டினாள். ஃபிராங்க் அதையும் மிகத் தீவிரமாகக் கேட்டுத் தலையசைத்தார்.

பிறகு அவர் திரையைப் பார்த்து ஒரு கேள்வியை வாசித்தார். எல்லா வீட்டிலும் வாசிக்கிற கேள்விதான். சில சமயம் கைக்குழந்தைகளும் சின்னப் பிள்ளைகளும் விட்டுப்போவதுண்டு. இந்த வீட்டில் அப்படி யாராவது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறார்களா?

சுபா ஆரபியைத் தூக்கி மடியில் வைத்து, வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, "இல்லை. இப்ப எல்லாரும் இருக்கிறம்" என்றாள், தமிழில். ஃபிராங்க் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டார்.

அவர் போனதும் நானும் எழுந்தேன். "இருங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டு, கிளிநொச்சியில் இருக்கும் தன் அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தாள். அங்கே விடிகிற நேரம். திரையில் பாதி முகமும் மீதி கூரையுமாக அம்மா தெரிந்தார்.

"அம்மா, இஞ்ச கொப்பியோட ஒரு ஆள் வந்தவர். எத்தனை பேர் எண்டு கேட்டவர்."

அந்தப் பக்கம் முகம் முழுதாகத் திரைக்குள் வந்தது. "என்ன சொன்னனி?"

"மூண்டு பிள்ளையளெண்டு சொல்லீற்றன்."

"சின்னவளையுமோ?"

"சின்னவளையும்தான். பேர், வயசு எல்லாம் குடுத்திட்டன்."

அம்மா போனோடு கீழே உட்கார்ந்தார்.

"உன்ர பேரை நான் ஒரு இடத்திலயும் குடுக்கேல்லை பிள்ளை" என்றார்.

"குடுத்திருந்தா நான் இருந்திருக்க மாட்டன் அம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளைக் கொஞ்சம் காட்டு" என்றார். சுபா போனைத் திருப்பினாள். ஆரபி திரையைப் பார்த்து, கையிலிருந்த இட்லித் துண்டை நீட்டினாள். அந்தப் பக்கம் அம்மா வாயைத் திறந்து வாங்கிச் சாப்பிட்டார்.